அசையாதவளைக் காணாத விளக்கு

அசையாமல் இருப்பதுதான் அவளுடைய வேலை. ஓவியக் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக மாணவர்கள் முன்னால் நிற்பாள், உட்காருவாள், சில நாள் சாய்ந்து படுப்பாள். அவர்கள் அவளைப் பார்த்து வரைவார்கள். ஒரு தடவை மேடையில் உட்கார்ந்தால் நாற்பது நிமிடம். இமை கொட்டுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. மூக்கின் மேல் ஈ வந்து உட்கார்ந்தால் எழுந்து போவது ஈயின் இஷ்டம். மாணவர்கள் அவளைச் சிலையக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவளோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை தையல்காரி. அவளுக்கு வாயும் மிஷினும் ஒன்றாக ஓடும். "உன்ன மாதிரி நான் உக்காந்தா அரை மணி நேரத்துல ஆம்புலன்ஸ் கூப்பிட்டுருவாங்க" என்பாள். "மண்டைக்குள்ள அப்படி என்னதான் ஓடுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

அது பொய். ஓடுவது ஒரு ஆறு. முதல் வருடம் கால் மரத்துப்போய் அழுகை வந்த ஒரு நாளில், மனதுக்குள் ஒரு ஆற்றங்கரையை வைத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக நடக்க ஆரம்பித்தாள். மணி அடித்ததும் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்வாள்; மறுநாள் அங்கிருந்து தொடர்வாள். பன்னிரண்டு வருடத்தில் வெகுதூரம் வந்துவிட்டாள். ஆறு குறுகி, கரையில் பாறைகள் தொடங்கி, தண்ணீரின் சத்தம் மாறிக்கொண்டிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆறு வற்றிவிடும் என்று ஒரு பயம்.

அந்த வருட விடுமுறையில் கல்லூரி முழுக்கப் புது விளக்குகள் போட்டார்கள். சுவிட்சே கிடையாது. ஆள் நுழைந்தால் எரியும். ஆள் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் அணையும். மின்சாரம் வீணாகாது என்று முதல்வரம்மா கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

முதல் வகுப்பில் அவள் மேடையில் உட்கார்ந்தாள். ஓவிய ஆசிரியருக்கு வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும், அதனால் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார். இருபது மாணவர்களும் ஆளுயரப் பலகைகளுக்குப் பின்னால் நின்று கரித்துண்டை உரசத் தொடங்கினார்கள். அவள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு வழுக்குப் பாறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். திடீரென்று உலகம் இருண்டது.

"யாராவது கைய ஆட்டுங்கப்பா" என்றார் ஆசிரியர்.

யாரோ பலகைக்கு மேலாகக் கையை வீசினார்கள். விளக்கு வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி இருட்டு. மறுபடி கை. அன்றைக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் ஆற்றைத் தொலைத்தாள். திரும்பிப் போனால் முன்பு பார்த்த மரமே மறுபடி வந்தது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். "நாப்பது நிமிஷம் அதுக்கு நேர் கீழ உக்காந்திருந்தேன். அறையில ஆளே இல்லன்னு அது முடிவு பண்ணிடுச்சு."

தங்கை சிரிக்கப் போனாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விளக்கு போட்ட நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான ஆள், காதோரம் நரைத்திருந்தது. சென்சார்க்காரர் என்று காவலாளி அழைத்து வந்து விட்டார். ஏணி மேல் ஏறி, கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைக் குமிழைக் கழற்றிக்கொண்டு இறங்கி, மேடை விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"இதுக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். "நீங்கதான் அந்த அசையாதவங்களா? கீழ சொன்னாங்க." குமிழைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "கோபமெல்லாம் இல்லங்க. இதப் பிடிங்க."

பாதி முட்டை ஓடு மாதிரி இருந்தது. உள்பக்கம் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"உடம்புச் சூடும் ஒரு வகை வெளிச்சந்தான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கட்டம் ஒவ்வொண்ணும் அறையில ஒரு திசையப் பாக்கும். அங்கேருந்து வர்ற சூட்ட உள்ள இருக்கற பொட்டு மேல குவிக்கும்." தன் ஏணியின் கீழ்ப்படியில் வைத்திருந்த மீதிப் பகுதியைக் காட்டினார். நடுவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புச் சதுரம். "இந்தப் பொட்டு ரெண்டு பாதி. ரெண்டு மேலயும் ஒரே மாதிரி சூடு விழுந்தா ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிச்சுட்டுப் பேசாம இருக்கும். ஒருத்தர் குறுக்க நடந்தா சூடு முதல்ல ஒரு பாதியில விழும், அப்புறம் மத்ததுல விழும். அந்த மாத்தந்தான் இதுக்குச் சேதி. உடனே லைட்டு."

"அப்ப நான் இருக்கறது?"

"அறையோட சேர்ந்துடறீங்க. சுவரு, நாற்காலி மாதிரி. மாறாத எதுவும் இதுக்குக் கணக்கே இல்ல."

"பசங்க வரையறாங்களே, அது அசைவு இல்லையா?"

"பலகை மறைக்குதே. இதுக்கு நேரா தெரியணும். ஒரு அட்டை குறுக்க வந்தாப் போதும், சூடு நின்னுடும். கண்ணாடி கூடத் தாண்டாது. நமக்குப் பளிச்சுன்னு தெரியற கண்ணாடி இதுக்குக் கறுப்புச் சுவர்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓவிய ஆசிரியர், "இதுலேருந்து கதிர் கிதிர் ஏதும் வருதா? நாள் முழுக்க இதுக்குக் கீழதான் நிக்கறோம்" என்றார்.

"ஒண்ணும் வராது சார். இது எதையும் அனுப்பறதில்ல. வர்றத வாங்கிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கும்."

"என்ன மாதிரி" என்றாள் அவள்.

சென்சார்க்காரர் சிரித்தார். ஆடிக்கொண்டிருந்த கால் ஒரு நொடி நின்று மறுபடி ஆடியது.

குமிழை மேடைக்கு மேலே திரும்ப மாட்டாமல், மாணவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரில் வைத்தார். வரையும் முழங்கைகள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அணையும் நேரத்தையும் முப்பது நிமிடமாக்கினார். வகுப்பில் அதற்குப் பிறகு இருட்டு வரவில்லை.

ஆனால் கட்டடத்தில் இன்னும் அறுபத்திரண்டு குமிழ்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஒருவர் ஏணியில் இருக்க வேண்டும், இன்னொருவர் கீழே நடக்க வேண்டும். அவருடன் வேலை செய்பவர் தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். மதியங்களில் அவளுக்கு வகுப்பு இல்லை. முதல்வரம்மா கேட்டார், சரி என்றாள்.

பன்னிரண்டு வருடம் நடக்காமல் சம்பாதித்தவள் நடந்தே தீர்த்தாள் அந்த வாரத்தை. வெறும் அறை, தரையில் சாக்பீஸ் கோடு, மேலே அவர். "மெதுவா வாங்க… இப்போ குறுக்க… நில்லுங்க." அவள் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் குமிழுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி கண் சிமிட்டும். குமிழை நோக்கி நேராக நடந்தால் தாமதமாகச் சிமிட்டும்; குறுக்கே நடந்தால் உடனே. இரண்டாம் நாள் அவளுக்கே தெரிந்துவிட்டது, காற்றில் எங்கெங்கே கண்ணுக்குத் தெரியாத விசிறி மடிப்புகள் இருக்கின்றன என்று. மடிப்புக்கு மடிப்பு கால் வைத்தாள். கைப்பிடிச் சுவரில் மதிய வெயில் படுத்திருக்கும். நீண்ட தாழ்வாரங்கள் அவள் வரவர ஒவ்வொரு விளக்காக விழித்தன. திரும்பிப் பார்த்தால், கடந்து வந்தவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போயின. இது நிஜமா, மேடையில் உட்கார்ந்தபடி தான் நினைப்பதா என்று ஓரிரு முறை சந்தேகம் வந்தது.

"எங்க வீட்டு மாடிப்படியிலயும் இதுதானா?" என்று கேட்பாள்.

"ஆமா. வாசல் லைட்டு, கடையில ராத்திரி மாட்டற அலாரம், எல்லாம் இதுதான். காட்டுல மரத்துல கட்டி வைப்பாங்க. மிருகம் நடந்தா கேமரா படம் பிடிக்கும். போன மாசம் ஒரு வீட்டுல மாட்டினேன். அம்மா தனியா இருக்காங்க. காலையில அவங்க எந்திரிச்சுச் சமையலறைக்குப் போனா, ஆபீஸ்ல இருக்கற பொண்ணுக்குப் போன்ல தெரியும்."

"கைய நீட்டினா தண்ணி வர்ற குழாய்?"

"அது வேற சாதி. அது தானே ஒளிய அனுப்பி, கையில பட்டுத் திரும்புதான்னு பாக்கும். இது அப்படிக் கேட்டு வாங்காது."

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. இரண்டாம் மாடிக் கோடியில் வார்ப்பு அறை என்று ஒன்று உண்டு. மாணவர்கள் பார்த்து வரைவதற்காக வார்த்த சுண்ணச் சிலைகளை அங்கே போட்டு வைத்திருந்தார்கள்: தலைகள், பாதங்கள், ஒரு பெரிய குதிரை, அலமாரி நிறைய வெறும் கைகள். வருடத்துக்கு இரண்டு முறைதான் கதவு திறக்கும். அந்த அறையில் தினமும் மாலை நான்கு மணிவாக்கில் விளக்கு தானாக எரிந்தது.

"பூட்டின ரூமுங்க" என்றார் காவலாளி. "உள்ள இருக்கறதெல்லாம் தலையில்லாத உடம்பு, உடம்பில்லாத தலை. நாலு மணிக்கு மேல நான் அந்த மாடிக்கு வரமாட்டேன். வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி."

அந்த விளக்கு சரியாகாமல் முதல்வரம்மா கையெழுத்துப் போடமாட்டார். வெயில் பட்டுச் சூடாகும் தகரமா, வெப்பக் காற்றில் ஆடும் துணியா என்று சென்சார்க்காரர் தேடினார். கைபேசியை உள்ளே வைத்துப் படம் பிடித்தார். விளக்கு வந்தது பதிவானது, எதனால் வந்தது என்பது குதிரையின் வயிற்றுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கதவில் இருந்த சிறு கண்ணாடியோ மங்கல் கண்ணாடி. கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரே உள்ளே உட்கார்ந்தார். அவர் கால்தான் ஆடுமே. விளக்கு அணையவே இல்லை. வரவேண்டியதும் வரவில்லை.

"ஒரு மணி நேரம் அசையாம உக்கார என்னால ஆகாது" என்றார், தோற்றவர் குரலில்.

அவள் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அது பெரிய விஷயமில்ல" என்றாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, தோளில் சால்வையோடு அவள் வார்ப்பு அறைக்குள் போனாள். விளக்கு எரிந்தது. குதிரைக்கு அந்தப் பக்கம், அலமாரி தெரியும்படி ஒரு மரப்பெட்டியில் முதுகு சாய்த்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க கூப்பிடற வரைக்கும் கதவத் தொறக்கமாட்டேன். வெளியிலதான் இருப்பேன்" என்று சொல்லி அவர் சாத்திக்கொண்டார். அந்த அறையில் விளக்கு அணையும் நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

முழு இருட்டு இல்லை. சுவரின் உச்சியில் காற்றுப்போக்கியின் உடைந்த பலகை வழியாகக் கொஞ்சம் பகல் வந்து வெள்ளைத் தோள்களின் மேல் தங்கியிருந்தது. சுண்ணத்தின் உலர்ந்த வாசனை. அவளுக்குப் பயம் வரவில்லை. தன்னைப் போன்றவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாருக்கு அதிக நேரம் முடியும் என்று பார்ப்போம் என்பது போல அந்தத் தலைகள் அவளைப் பார்த்தன. மூச்சு அடங்கியது. ஆறு வந்தது. தண்ணீர் பாறைகளுக்கு இடையில் வெள்ளையாகக் குதித்தது, கரையோரம் நடந்தாள், பாறைகள் போகப் போகத் தோள்களாகவும் முழங்கால்களாகவும் இருந்தன.

அலமாரியில் ஏதோ உரசியது. விளக்கு வந்தது.

அடுக்கியிருந்த கைகளுக்கு நடுவே ஒரு பூனை நின்றது. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. விளக்கு அதற்குப் பழக்கம் போல; நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தது. அவள் இமைக்கவில்லை. பூனை இறங்கி வந்து முழங்காலை முகர்ந்தது, சால்வையை முகர்ந்தது. மடி ஓரத்தில் முன்காலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தது, படுக்கை மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அழுத்துவது மாதிரி. பிறகு வந்த வழியே அலமாரியில் ஏறி, காற்றுப்போக்கியின் உடைந்த இடத்தில் நுழைந்து போய்விட்டது. எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஏனோ எழவில்லை. விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தபோது பூனையின் வாயில் ஒரு குட்டி தொங்கியது. நேராக வந்து அதை அவள் மடியில், சால்வை மடிப்புக்குள் வைத்தது. கண் அப்போதுதான் திறந்திருக்க வேண்டும். நீலமாக, எதையும் சரியாகப் பார்க்காத கண். குட்டி இரண்டு தடவை சுற்றிவிட்டு அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

நான்கு தடவை போய் வந்தது பூனை. நான்காவது குட்டியை வைத்த பிறகு தானும் ஏறி, எல்லாவற்றையும் சுற்றி வளைத்துப் படுத்தது. ஐந்து உயிர்கள் மடியில். ஐந்தும் மூச்சு விட்டன. கூரையிலிருந்த குமிழ் வழக்கம்போல அறையில் யாரும் இல்லை என்று முடிவு செய்து விளக்கை அணைத்தது. இந்தத் தடவை அவளுக்கு வருத்தம் வரவில்லை. மடியிலிருந்து சூடு ஏறி நெஞ்சுக்கு வந்தது. ஆற்றங்கரைக்குப் போக நினைக்கவும் இல்லை. இங்கேயே, இந்த மரப்பெட்டி அருகிலேயே இருந்தாள். ஒரு குட்டி தூக்கத்தில் கால் உதைத்தது. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி, தாடை வரை வந்து, அங்கேயே காய்ந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

வெளியே சென்சார்க்காரர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். மங்கல் கண்ணாடியில் வெளிச்சம் வந்ததையும் போனதையும் பார்த்தார், ஐந்து தடவை. அதன் பிறகு இருட்டுதான். நாலே முக்கால், ஐந்து, ஐந்தரை. கூப்பிடும்வரை திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்தே முக்காலுக்கு அந்த வாக்கைக் காற்றில் விட்டுக் கதவைத் திறந்தார்.

விளக்கு எரிந்தது. குதிரையைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றார்.

பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. "கால் மரத்துப்போச்சு. ஆனா எப்படி எந்திரிக்கறது?"

"எந்திரிக்க வேண்டாம்" என்றார் அவரும் ரகசியமாக. எதிரே தரையில் மெதுவாக உட்கார்ந்தார். இருவரும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. அப்போதுதான் அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். ஆடவில்லை.

"நான் வெறும் சுவருன்னு நெனச்சிருக்கும்" என்றாள் இருட்டில்.

"சுவருகிட்ட குட்டியக் குடுக்காதுங்க. ஒரு வாரமா எடம் பாத்திருக்கு. சூடான எடமாத் தேடியிருக்கு. இந்த மிஷினுக்குத்தான் மாத்தம் வேணும். பூனைக்கு அதெல்லாம் எதுக்கு?"

அந்தப் பேச்சை அவள் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பூனை தானாக இறங்கித் தீனி தேடப் போனது. அவர் தன் மேல்சட்டையைக் கழற்றி மரப்பெட்டியில் விரித்தார். ஒவ்வொரு குட்டியாகச் சால்வையோடு எடுத்து அதில் வைத்தார்கள். எழுந்தபோது அவளுக்குக் கால் நிற்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவர்மேல் சாய்ந்து இறங்குவதைப் படியில் பார்த்த காவலாளி, "என்னாச்சு? பிடிச்சிடுச்சா?" என்றார், முகம் வெளுத்து.

"பிடிச்சிடுச்சு அண்ணே" என்றாள். "நாலு குட்டி."

முதல்வரம்மாவிடம் சொன்னால் பூனையை வெளியேற்றச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் சென்சார்க்காரர் ஏணி போட்டு ஏறி, குமிழில் அலமாரிப் பக்கமும் பெட்டிப் பக்கமும் பார்க்கும் கட்டங்களை மட்டும் உள்ளிருந்து ஒட்டும் நாடாவால் மூடினார். அவள் கீழே நின்று ஒவ்வொரு மூலையாக நடந்து காட்டினாள். கதவு வழியாக ஆள் வந்தால் விளக்கு எரிந்தது. அலமாரி ஓரம் போனால் எரியவில்லை. அறிக்கையில் அவர் இப்படி எழுதினார்: "சூடுள்ள சிறு நடமாட்டம் காரணம். லென்ஸின் ஒரு பகுதி மறைக்கப்பட்டது. இனி ஆள் வராமல் விளக்கு எரியாது." ஒவ்வொரு சொல்லும் உண்மை. முதல்வரம்மா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காவலாளி அன்று மாலையிலிருந்து ஒரு கிண்ணம் பாலோடு இரண்டாம் மாடிக்கு ஏற ஆரம்பித்தார். கேட்டால், ரோந்து என்றார்.

வேலை முடிந்த நாள் அவர் ஏணியை நிறுவனத்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கருவிப் பையோடு அவள் கூடவே பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். சாயங்கால வெளிச்சம் தெருவில் நீளமாகக் கிடந்தது.

"அடுத்தது ஒரு நூலகம்" என்றார். "மூணு மாடி. படிக்கறவங்க எல்லாம் அசையாம உக்காருவாங்க. பெரிய தலைவலி."

"நடக்கறதுக்கு ஆள் இருக்கா?"

"அவர் வர இன்னும் ஒரு மாசம் ஆகும். பேத்தி பொறந்திருக்கா."

"சனிக்கிழமை எனக்கு வகுப்பு இல்ல" என்றாள்.

அவர் தலையசைத்தார். பிறகு, இத்தனை நாள் கேட்க நினைத்து வைத்திருந்தது போல, "அவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்போது மனசுல என்ன வச்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாய் எடுத்தாள். பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. நடத்துனர் எட்டிப் பார்த்து, ஏறவில்லையா என்று கையால் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"ஒரு ஆறு இருக்கு" என்று ஆரம்பித்தாள்.